முள்முருக்கு பட்டுப்போன கதை

கல்யாண வீட்டில் பந்தக்கால் நாட்டும்போது முள்முருக்கின் கிளை ஒன்றை வெட்டி, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி ஊன்றுவது தமிழரில் பலருக்கும் வழக்கம். யாழ்ப்பாணத்தில் அதைக் கன்னிக்கால் என்பார்கள். கல்யாணம் முடிந்தபின் அந்தக் கிளையை வீட்டு ஓரத்தில் நட்டுத் தண்ணீர் விடுவார்கள். முருக்கு எளிதில் வேர்பிடிக்கும். குடும்பமும் அதுபோலத் தழைக்கும் என்பது நம்பிக்கை.

குமரி மாவட்டத்துக் கல்குளம் வட்டத்தில் என் சிறுவயதில் முருக்கு இல்லாத விளை (தோட்டம்) கிடையாது. மழைக்கு முன்பாக அப்பா முதிர்ந்த கிளைகளைப் போத்தாக வெட்டி வேலியோரம் நட்டுக்கொண்டே போவார். போத்து தளிர்த்ததும் அதன் காலடியில் நல்லமிளகுக் கொடி வைப்பார். முருக்கின் முள்ளும் சொரசொரப்பான பட்டையும் கொடிக்குப் பிடிமானம். வேர்முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்து தரும். தழை ஆட்டுக்கு. சளி பிடித்தால் அம்மை முருக்கிலையைப் பச்சரிசியோடும் மிளகோடும் அரைத்து அடை சுடுவாள். இலை உதிர்ந்து மரம் முழுக்கச் சிவப்பாகப் பூக்கும் நாட்களில் மைனாவும் தேன்சிட்டும் விடிவதற்கு முன்பே வந்துவிடும்.

2005-க்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்த மரங்களுக்குக் கேடு வந்தது. முதலில் தளிர்கள் விரியாமல் சுருண்டன. இலைக்காம்பு விரல் பருமனுக்கு வீங்கி முறுக்கிக்கொண்டது. பிறகு இலைகள் கொட்டின. மீண்டும் துளிர்த்தது, அதுவும் வீங்கிக் கொட்டியது. "முருக்குக்கு என்னமோ சீக்கு வந்துட்டு மக்கா, மிளகுக் கொடியைக் காப்பாத்தப் பாரு" என்று பக்கத்து விளைப் பெரியவர் வந்து சொன்னார். சிலர் சாம்பல் தூவினார்கள், சிலர் சாணிப்பால் ஊற்றினார்கள். ஒன்றும் கேட்கவில்லை. துளிர்த்துத் துளிர்த்துச் சோர்ந்த மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின.

வீங்கிய காம்பு ஒன்றைப் பிளேடால் நெடுக அறுத்துப் பார்த்தால் காரணம் தெரியும். உள்ளே சிறுசிறு அறைகள். அறைக்கு ஒன்றாக வெள்ளைப் புழு. புழு வளர்ந்து குளவியாகி வெளியேறிய இடத்தில் ஊசியால் குத்தியது போன்ற வட்டத் துளை. தாய்க்குளவியின் நீளம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். இளந்தளிருக்குள் அது முட்டையிட, அதைச் சுற்றித் தாவரத் திசுவே வீங்கிக் கூடாகிவிடுகிறது. முட்டை குளவியாக ஏறக்குறைய 20 நாள் போதும். வறட்சியில் இலை பழுத்து உதிரும், வீக்கம் இருக்காது. தண்டு துளைக்கும் புழு என்றால் குருத்து வாடித் தொங்கும், துளையருகே எச்சம் கிடக்கும். தளிரும் காம்பும் புடைத்துத் துளையும் தெரிந்தால் அது இந்தக் குளவியின் வேலை.

இந்தப் பூச்சிக்கு அறிவியல் பெயரே 2004-ல்தான் கிடைத்தது. சிங்கப்பூர், மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளில் பிடித்த குளவிகளைப் பார்த்து குவாட்ராஸ்டிக்கஸ் எரித்ரினே என்று பெயரிட்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் தைவானிலும் அது பரவியிருந்தது. 2005-ல் ஹாங்காங், ஒகினாவா, ஹவாய் ஆகிய இடங்களிலும் கண்டார்கள். கேரளத்தில் திருவனந்தபுரம், கொல்லம் பக்கத்து மரங்களில் இது இருப்பதை 2006-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். திருவனந்தபுரத்துக்கும் எங்கள் ஊருக்கும் இடையே தடுப்பு என்று ஒன்றும் இல்லை. வடக்கே வயநாட்டில் முருக்கு பட்டதும் அதில் ஏறியிருந்த மிளகுக்கொடிகளும் சேர்ந்து சரிந்தன. நட்டமடைந்த விவசாயிகள் சீமைக்கொன்றைக்கும் சில்வர் ஓக்குக்கும் மாறினார்கள்.

ஹவாய் மக்கள் இந்தக் கேட்டை எதிர்கொண்ட விதத்தை நாம் அறிந்துகொள்ள வேண்டும். விலிவிலி என்பது அந்தத் தீவுகளுக்கு மட்டுமே உரிய முருக்கு. அதன் இலேசான மரத்தில் அவர்களின் முன்னோர் அலைச்சறுக்குப் பலகையும் வலை மிதவையும் செய்தார்கள். ஓவாஹு தீவில் குளவி தென்பட்ட சில மாதங்களுக்குள் மற்ற பெரிய தீவுகளுக்கும் பரவிவிட்டது. உடனே விலிவிலி விதைகளைத் திரட்டிப் பாதுகாத்தார்கள். குளவியின் தாயகம் ஆப்பிரிக்கா என்று கணித்து அதன் எதிரியைத் தேடி அங்கே போனார்கள். தான்சானியாவில் யூரிடோமா எரித்ரினே என்ற இன்னொரு குளவி கிடைத்தது. அதன் புழு, வீக்கத்துக்குள் புகுந்து அங்கிருக்கும் புழுக்களைத் தின்னும். வேறு உயிர்களுக்குக் கேடு செய்யாது என்று அடைத்துவைத்துச் சோதித்த பிறகு, 2008 நவம்பரில் அதை வெளியே விட்டார்கள். விலிவிலி மரங்களில் மறுபடி நல்ல இலை வந்தது. பூவிலும் காயிலும் தொல்லை முழுதாக நீங்கவில்லை என்றாலும் அந்த மரம் அழியாமல் நின்றது.

நம் முருக்கு வேலிமரம், யாரும் விலைபேசாத மரம். அதனால்தான் அது சாகும்போது கேட்க ஆளில்லை. தேக்குக்கோ தென்னைக்கோ இப்படி வந்திருந்தால் ஊரே கூடியிருக்கும். தலைமுறை தலைமுறையாக விதை போடாமல் போத்தையே வெட்டி நட்டுவந்ததும் நம்மைப் பலவீனமாக்கியது என்று நினைக்கிறேன். ஒரே மரத்தின் கிளைகள் ஊரெங்கும் நின்றால், ஒன்றைத் தாக்கும் பூச்சிக்கு எல்லாமே ஒன்றுதான்.

உங்கள் ஊரில் முள்முருக்கு இன்னும் நின்றால் அதன் தளிரைப் புரட்டிப் பாருங்கள். வீக்கம் இருந்தால் துளை விழும் முன்பே அந்தக் கிளையை நறுக்கி எரித்துவிடுங்கள். வீங்கிய தளிரோடு போத்தை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். சுற்றிலும் எல்லாம் பட்டிருக்க ஒரு மரம் மட்டும் செழித்து நின்றால், அதன் விதையைச் சேர்த்து வையுங்கள். பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் தகவல் சொல்லுங்கள். நம் பிள்ளைகளின் கல்யாணப் பந்தலுக்குக் கால் அந்த விதையிலிருந்துதான் வரவேண்டும்.