பருத்திக் கோட்டையைக் கட்டிய வாயு



துருக்கியின் மேற்கே, தெனிஸ்லி நகருக்கு அருகில் பமுக்கலே என்று ஓர் இடம் இருக்கிறது. பெயருக்குப் 'பருத்திக் கோட்டை' என்று பொருள். ஏறத்தாழ 200 மீட்டர் உயரமுள்ள குன்றின் சரிவில் வெள்ளை வெளேரென்று படிப்படியாகக் குளங்கள். படத்தில் பார்த்தால் பனி என்றே தோன்றும். பனியல்ல, கல். சுமார் 35 டிகிரி வெந்நீர் ஊற்று உண்டாக்கிய கல். ட்ராவர்டைன் என்பார்கள்.

தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதிய சோதனை நினைவிருக்கிறதா? நீர் பால்போல மாறும். பெரும்பாலும் அதோடு நிறுத்திவிடுவோம். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால் மறுபடி தெளியும். மிகுதியான கார்பன் டை ஆக்சைடு, கரையாத கால்சியம் கார்பனேட்டைக் கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது.

பமுக்கலேயில் பூமிக்கடியில் நடப்பதும் இதுதான். இந்த வாயு கலந்த வெந்நீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு நிலப்பிளவு வழியாக மேலே வருகிறது. வெளியே அழுத்தம் குறைவு. கோலி சோடாவை உடைத்ததுபோல வாயு பிரிந்து போகிறது. வாயு போனால் சுண்ணாம்பு நீரில் கரைந்திருக்க முடியாது, படிந்து கல்லாகிறது. குளத்தின் விளிம்பில் நீர் மெல்லியதாக வழிவதால் அங்கே வாயு அதிகம் பிரியும், படிவும் அதிகம். விளிம்பு தானாகவே வரப்பாக உயர்ந்துவிடும்.

குன்றின் மேல் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமம் அரசர்கள் ஹியராபொலிஸ் நகரை நிறுவினார்கள். அங்கே தோட்டங்களையும் திராட்சைக் கொல்லைகளையும் சுற்றி வாய்க்கால் வெட்டி இந்த வெந்நீரை விடுவார்களாம். ஓராண்டில் கல் படிந்துவிடும். அதை எடுத்து வேலியாக வைப்பார்களாம். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதி வைத்த செய்தி இது.

அதே வாயு அங்கே உயிரையும் எடுத்தது. பாதாள உலகின் வாசல் என்று வணங்கப்பட்ட ஒரு குகை வாய் அந்த ஊரில் இருந்தது. உள்ளே ஓட்டிய காளைகள் செத்து விழும். பூசாரிகள் மட்டும் உயிரோடு திரும்புவார்கள். கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ தாமே சிட்டுக்குருவிகளை உள்ளே விட்டுப் பார்த்தார். அவை உடனே விழுந்து இறந்தன. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். காளையின் மூக்கு தாழ்வில் இருக்கும். நிற்கும் மனிதனின் மூக்கு அதற்கு மேலே. பூசாரிகள் மூச்சையும் அடக்கிக்கொண்டார்கள் என்கிறார் ஸ்ட்ராபோ.

இவ்வளவு காலம் நின்ற குன்றை 20ஆம் நூற்றாண்டு ஆட்டிவிட்டது. மேலே ஹோட்டல்கள் எழுந்தன. ஊற்றுநீர் அவற்றின் நீச்சல் குளங்களுக்குத் திருப்பப்பட்டது. வெள்ளைச் சரிவிலேயே ரோடும் போட்டார்கள். தண்ணீர் வராத படிகள் நிறம் மங்கின. 1988இல் அந்த இடம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பின்னர் ஹோட்டல்கள் இடிக்கப்பட்டன. இப்போது நம் ஊரில் மடை மாற்றுவதுபோல, முறை வைத்து ஒவ்வொரு பகுதிக்கும் நீர் விடுகிறார்கள். எப்போதும் ஈரமாகவே இருந்தால் பாசி பிடிக்கும். இடையில் காய்ந்தால்தான் வெண்மை நிற்கும்.

கல் என்றால் அசையாதது, அழியாதது என்கிறோம். இந்தக் கல்லின் உயிர் ஓடும் தண்ணீரில் இருக்கிறது. தண்ணீரை மறித்த சில பத்தாண்டுகளிலேயே அது தெரிந்துவிட்டது.

உங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சுண்ணாம்பு நீர் சோதனையைச் செய்து காட்டுங்கள். பால்போல ஆனதும் நிறுத்தாதீர்கள். மீண்டும் தெளியும்வரை ஊதச் சொல்லுங்கள். உறிஞ்சிவிடாமல் பக்கத்திலேயே இருங்கள்.