மூன்று துண்டிலிருந்து ஒரு துண்டுக்கு: விமான ஃப்ளாப்பின் கதை

விமானத்தில் இறக்கைக்குக் கொஞ்சம் பின்னால் ஜன்னல் சீட் கிடைத்தவர்கள் கவனித்திருப்பீர்கள். தரையிறங்கும் முன் ஒரு மோட்டார் சத்தம் கேட்கும். இறக்கையின் பின்பகுதி நீண்டு கீழே வளையும். அதுதான் ஃப்ளாப்.

ஜெட் விமானத்தின் இறக்கை மணிக்கு சுமார் 900 கி.மீ. வேகத்துக்காகச் செய்யப்பட்டது. இறங்கும்போதோ வேகம் 250 கி.மீ. அளவுக்குக் குறைய வேண்டும். அந்த வேகத்தில் வெறும் இறக்கை விமானத்தைத் தாங்காது. ஃப்ளாப் நீண்டால் இறக்கையின் பரப்பும் வளைவும் கூடும், தூக்கு விசையும் கூடும். புறப்படும்போது கொஞ்சம்தான் இறக்குவார்கள். அதிகம் இறக்கினால் காற்றுத் தடை வேகமெடுக்க விடாது. தரையிறங்கும்போது அந்தத் தடையே பிரேக் மாதிரி உதவும். அதனால் நன்றாகவே இறக்குவார்கள்.

ஆரம்பகால ஃப்ளாப், கீல் போட்ட பலகை போல வெறுமனே கீழே மடியும். 1920களில் அமெரிக்கரான ஹார்லன் ஃபவுலர், பின்னால் நகர்ந்து பிறகு வளையும் ஃப்ளாப்பை உருவாக்கினார். 1937ல் பறந்த லாக்ஹீட் 14 பயணிகள் விமானத்தில் அது இடம்பிடித்தது.

அடுத்த பாய்ச்சல் 1963ல் பறந்த போயிங் 727. நியூயார்க்கின் லாகார்டியா போன்ற இடங்களில் இருந்த குட்டை ஓடுபாதைகளிலும் இந்த ஜெட் இறங்க வேண்டியிருந்தது. அதனால் ஃப்ளாப்பை மூன்று துண்டுகளாக்கினார்கள். துண்டுகளுக்கு இடையே உள்ள சந்து வழியாக அடிக்காற்று மேலே பாய்ந்து, மேற்பரப்புக் காற்று பிய்த்துக்கொண்டு போகாமல் காக்கும். ஆரம்பகால 737, 747 விமானங்களிலும் இதே மூன்று துண்டுதான்.

ஆனால் துண்டு கூடினால் எடையும் கூடும், பராமரிப்புச் செலவும் கூடும். எனவே சக்கரம் திரும்பச் சுழன்றது. 1987ல் பறந்த ஏர்பஸ் ஏ320க்கு ஒரே துண்டு. 1997ல் வந்த புதிய தலைமுறை 737க்கு இரண்டு. 2010ல் பறந்த 747-8க்கு உள்பக்கம் இரண்டு, வெளிப்பக்கம் ஒன்று.

எத்தனை துண்டு இருந்தாலும், இறக்க மறந்தால் பயனில்லை. 1987 ஆகஸ்ட் 16ல் டெட்ராய்ட்டில் ஒரு எம்.டி.82 விமானம் ஃப்ளாப்பை இறக்காமலே புறப்பட்டு விழுந்தது. 156 பேர் இறந்தார்கள். விமானத்தில் இருந்தவர்களில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டுமே பிழைத்தாள். 21 வருடம் கழித்து, 2008 ஆகஸ்ட் 20ல் மாட்ரிட்டில் அதே ரக விமானம், அதே தவறு. 154 பேர் பலி. இரண்டு முறையும் எச்சரிக்கை ஒலி ஒலிக்கவில்லை. எத்தனை ஆயிரம் முறை பறந்த விமானியும் ஒவ்வொரு முறையும் செக்லிஸ்டை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பது இதனால்தான்.

இறக்கையின் முன்பக்கத்திலும் இப்படி ஒன்று நீளும். அதற்கு ஸ்லாட் என்று பெயர். அதை இன்னொரு பதிவில் பார்ப்போம்.