மீத்திறன் பள்ளிச் சேர்க்கையில் நுண்ணறிவுச் சோதனை: ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

மீத்திறன் குழந்தைகளுக்கான பள்ளிகளிலும் வகுப்புகளிலும் சேர, நுண்ணறிவு ஈவே நெடுங்காலம் முதன்மைத் தகுதியாகக் கொள்ளப்பட்டது. இம்முறை அமெரிக்காவில் வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. சோதனையின் தரத்தைப் போலவே, அதற்கு யார் அழைக்கப்படுகிறார்கள் என்பதும் சேர்க்கையைத் தீர்மானித்தது என்பதே இதன் துணிபு.

தோற்றம்

வகுப்பறையில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிய 1904-இல் பிரெஞ்சு அரசு குழு அமைத்தது. அதன் தொடர்ச்சியாக ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் 1905-இல் முதல் அளவுகோலை வெளியிட்டனர். 1908-இல் அதில் மன வயது, அதாவது குழந்தையின் திறன் எந்த வயதினரின் சராசரித் திறனுக்கு இணை என்ற கணக்கு, இடம்பெற்றது. நுண்ணறிவு மாறவே மாறாது என்ற கருத்தைப் பினே 1909-இலேயே கடுமையாக மறுத்தார். அவர் 1911-இல் மறைந்தார். மறு ஆண்டே ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன், மன வயதைக் கால வயதால் வகுக்கும் முறையை முன்வைத்தார். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1916-இல் அந்த ஈவை நூறால் பெருக்கினார். எட்டு வயதுக் குழந்தையின் மன வயது பத்து என்றால் அதன் ஈவு 125. உதவி தேவைப்படுவோரை அறியப் பிறந்த அளவுகோல், நுண்ணறிவு பிறப்பிலேயே அமைவது என்று நம்பிய டெர்மனின் கையில் மீத்திறனைத் தேடும் கருவியானது.

முதல் வடிகட்டி

டெர்மன் 1921-இல் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மீத்திறன் குழந்தைகளைப் பற்றிய நெடுங்கால ஆய்வைத் தொடங்கினார். அதில் பெரும்பாலோர், ஆசிரியர்கள் முதலில் பெயர் சொன்ன பிறகே சோதிக்கப்பட்டவர்கள். ஆசிரியர் கண்ணில் படாத குழந்தைக்குச் சோதனையே இல்லை. அச்சோதனையிலும் பிழை நேர்ந்தது. ஈவு போதாதென விலக்கப்பட்ட வில்லியம் ஷாக்லி 1956-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உளவியலாளர் லீட்டா ஹாலிங்வொர்த் 1936-இல் நியூயார்க்கின் ஸ்பேயர் பள்ளியில் மீத்திறன் வகுப்புகளைத் தொடங்கினார். ஒரே கட்டடத்தில் விரைந்து கற்போருக்கு ‘டெர்மன் வகுப்பு’, மெதுவாகக் கற்போருக்கு ‘பினே வகுப்பு’ என்று பெயர். அக்காலத்தில் கறுப்பினக் குழந்தைகளிடையே மீத்திறனைத் தேடியவர்கள் மிகச் சிலரே. அப்படித் தேடிய பால் விட்டியும் மார்ட்டின் ஜென்கின்ஸும், நுண்ணறிவு ஈவு 200 பெற்ற ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுமியைப் பற்றி 1935-இல் எழுதினர். தேடியதால்தான் அவள் கிடைத்தாள்.

அண்மைக்காலச் சான்றுகள்

நியூயார்க் நகரம் 2008-இல் நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் ஒரே சீரான தேர்வையும் தகுதிக்கோட்டையும் விதித்தது. விண்ணப்பிப்பது பெற்றோரின் பொறுப்பாகவே இருந்தது. வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைப் பயிற்சி வகுப்புகளுக்கு அனுப்பினர். ஏழைப் பகுதிகள் சிலவற்றில் வகுப்பு நடத்தும் அளவுக்குக்கூடக் குழந்தைகள் தேறவில்லை. 2021-இல் அத்தேர்வு கைவிடப்பட்டு, ஆசிரியர் பரிந்துரையும் குலுக்கலும் வந்தன.

ஃபுளோரிடாவின் பெரிய கல்வி மாவட்டம் ஒன்று வேறு வழியில் சென்றது. அங்கே 2005 முதல் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் அனைவருக்கும் சொல்சாராத் தொடக்கச் சோதனை நடத்தினர். அதில் தேறியவர்களுக்கே முழு நுண்ணறிவுச் சோதனை. இதன் விளைவைப் பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் 2016-இல் வெளியிட்டனர். தகுதி ஈவு குறைக்கப்படாமலேயே ஏழை, கறுப்பின, ஹிஸ்பானியக் குழந்தைகளின் சேர்க்கை வெகுவாக உயர்ந்தது. அதுவரை பெற்றோரும் ஆசிரியரும் பரிந்துரைக்காததால் விடுபட்டவர்கள் அவர்கள். நிதி நெருக்கடியில் பொதுச் சோதனை நின்றதும் பழைய ஏற்றத்தாழ்வு திரும்பியது.

முடிவுரை

டெர்மன் காலத்து ஆசிரியர் பரிந்துரையும் நியூயார்க் பெற்றோரின் விண்ணப்பமும் ஒரே வேலையைச் செய்தன: சோதனைக்கு முன்பே குழந்தைகளை வடிகட்டின. எனவே சோதனையை எடுத்துவிட்டுப் பரிந்துரையை மட்டும் நம்புவதால் நீதி கிடைத்துவிடாது. பரிந்துரைக்குக் காத்திராமல் எல்லாக் குழந்தைகளையும் சோதிக்க வேண்டும். ஒரே நாளின் மதிப்பெண்ணை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளாமல் பின்னரும் வாய்ப்பளிக்க வேண்டும். அந்தச் செலவை ஏற்பது கல்வித்துறையின் கடமை.