மேக்புக்கில் விண்டோஸ் ஓடுமா? வாங்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

வகுப்பு தொடங்க இன்னும் ஒரு வாரம்தான். புது மேக்புக் வாங்கியாச்சு. ஆனால் பாடத்திற்குத் தேவையான மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடுமாம்!

"மெய்நிகர்க் கணினி போட்டுக்கோ, சரியாயிடும்" என்று நண்பர்கள் சொல்லக்கூடும். பெரும்பாலும் சரியாகும். ஆனால் எல்லா நேரமும் அல்ல. ஏன்?

மெய்நிகர்க் கணினி என்றால் என்ன?

உங்கள் கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணினி அது. வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுவதைப்போல, உங்கள் கணினியின் நினைவகத்திலும் சேமிப்பிடத்திலும் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்குகிறீர்கள். அந்த அறைக்குள் விண்டோஸ், லினக்ஸ் என வேறொரு இயங்குதளம் குடியிருக்கும்.

சிக்கல் எங்கே?

சில்லில்தான். இன்டெல், ஏஎம்டி சில்லுகள் எக்ஸ்86 என்ற கட்டளை மொழியைப் புரிந்துகொள்பவை. ஆர்ம் சில்லுகளின் மொழி வேறு. திறன்பேசிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்ம்தான். ஆப்பிள் 2020ஆம் ஆண்டு நவம்பரில் எம்1 சில்லுடன் மேக் கணினிகளை ஆர்முக்கு மாற்றத் தொடங்கியது. ஸ்னாப்டிராகன் எக்ஸ் சில்லு கொண்ட விண்டோஸ் மடிக்கணினிகள் 2024 ஜூனில் விற்பனைக்கு வந்தன. அவையும் ஆர்ம்தான்.

வாடகைக்கு வருபவர் உங்கள் மொழியே பேசினால் பிரச்சினை இல்லை. ஆர்ம் கணினிக்குள் ஆர்ம் இயங்குதளம் கிட்டத்தட்ட முழு வேகத்தில் ஓடும். எக்ஸ்86 இயங்குதளத்தையே உள்ளே வைத்தால், ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்க்க வேண்டும். ஓடும், ஆனால் ரொம்ப மெதுவாக. தினசரி வேலைக்கு அது சரிப்பட்டு வராது.

அப்படியென்றால் என்ன செய்யலாம்?

இயங்குதளத்தை ஆர்ம் பதிப்பாகவே போடுங்கள். மொழிபெயர்ப்பு தேவைப்படும் செயலிகளை அதுவே பார்த்துக்கொள்ளும். விண்டோஸ் 11இன் ஆர்ம் பதிப்பு, பெரும்பாலான சாதாரண எக்ஸ்86 செயலிகளை உள்ளுக்குள் மொழிபெயர்த்து இயக்கிவிடும். ஒரு செயலியை மட்டும் மொழிபெயர்ப்பது, முழு இயங்குதளத்தையும் மொழிபெயர்ப்பதைவிட மிக எளிது.

மேக்கில் எதைப் பயன்படுத்தலாம்?

• பேரலல்ஸ்: கட்டணம் உண்டு. எம்1, எம்2 மேக் கணினிகளில் விண்டோஸ் 11ஐ இதில் இயக்க 2023இல் மைக்ரோசாஃப்ட் அனுமதி அளித்தது. விண்டோஸ் உரிமத்தைத் தனியாக வாங்க வேண்டும்.

• விஎம்வேர் ஃபியூஷன்: 2024 நவம்பரிலிருந்து அனைவருக்கும் இலவசம்.

• யுடிஎம்: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பழைய எக்ஸ்86 இயங்குதளங்களையும் ஓட்டும், பொறுமை இருந்தால்!

பழைய இன்டெல் மேக்கில் இருந்த பூட் கேம்ப் வசதி ஆப்பிள் சில்லில் கிடையாது.

எவை ஓடாமல் போகலாம்?

• வகுப்பில் தயாராகக் கொடுக்கப்படும் மெய்நிகர்க் கணினிக் கோப்பு எக்ஸ்86க்கு உருவாக்கப்பட்டிருந்தால், ஃபியூஷனில் திறக்க முடியாது. ஆர்ம் பதிப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

• கருவிகளை இயக்கும் டிரைவர்கள். எக்ஸ்86 டிரைவர்களை ஆர்ம் விண்டோஸ் மொழிபெயர்க்காது. ஆய்வுக்கூடக் கருவியை இணைக்கும் பாடம் என்றால் கவனம்.

• மோசடித் தடுப்பு மென்பொருள் கொண்ட சில விளையாட்டுகள். சில தேர்வு மென்பொருள்களும் மெய்நிகர்க் கணினியை ஏற்காது.

பதிவிறக்கும்போது ஏமாறாதீர்கள்

கோப்பின் பெயரில் ஏஆர்எம்64 அல்லது ஏஆர்ச்64 என்று இருக்கவேண்டும். ஏஎம்டி64 என்று இருந்தால் அது எக்ஸ்86. பெயர் ஒரே மாதிரி தெரிவதால் அவசரத்தில் மாற்றி எடுத்துவிடுவோம்.

வாங்கும் முன் 3 கேள்விகள்

1. பாடத்திற்கு எந்த மென்பொருள் வேண்டும்? அதற்கு மேக் அல்லது ஆர்ம் பதிப்பு உண்டா?

2. நினைவகம் போதுமா? விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி தேவை. அதை ஒதுக்கினால் 8 ஜிபி கணினியில் பாதி போய்விடும். 16 ஜிபி இருந்தால் நிம்மதி.

3. சேமிப்பிடம் எவ்வளவு? விண்டோஸ் 11 கேட்பது குறைந்தது 64 ஜிபி. 256 ஜிபி கணினியில் அது கால் பங்கு!

பள்ளியின் மென்பொருள் பட்டியலை முதலில் பாருங்கள், கடைக்குப் பிறகு போங்கள். இன்னொரு மடிக்கணினி வாங்கும் செலவு மிச்சமாகலாம்.