சத்திரம்

சங்கரன்கோவில், கரிவலம்வந்தநல்லூர், தாருகாபுரம், தென்மலை, தேவதானம் ஆகிய ஐந்தும் தென்பாண்டி நாட்டின் பஞ்சபூதத் தலங்கள். கரிவலம் பால்வண்ணநாதர் கோயில் இவற்றுள் நெருப்புக்குரியது. சிவராத்திரி இரவில் ஐந்தையும் தரிசிக்கக் கிளம்புகிறவர்கள் இன்றும் உண்டு. பஸ் இல்லாத காலத்தில் யாத்திரை பெரும்பாலும் கால்நடையாகத்தான். இருட்டியபின் அயலூர் வந்து சேர்கிறவருக்கு யார் சோறு போடுவது? அதற்காக எழுந்ததே சத்திரம்.

சாவடியில் தலைக்குமேல் கூரை கிடைக்கும். சத்திரத்தில் உலையும் கொதிக்கும். கட்டுவதைவிட நடத்துவதுதான் பெரும்பாடு. 1689 முதல் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் ஒரு சத்திரம் இன்றும் நிற்கிறது. அரிசி தட்டாமல் வரவேண்டுமே என்று சத்திரங்களுக்கு நிலங்களை மானியமாக எழுதிவைப்பது வழக்கம்.

நிர்வாகம் எப்படி நடந்தது என்பதைத் தெளிவாகச் சொல்வது தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம். எல்லாச் சாதியாருக்கும் சோறு. சமைத்த சோறு வேண்டாதவருக்கு அரிசியும் மளிகையும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் எவரேனும் உண்டா என்று கூவி அழைப்பார்கள். நோயாளிக்கு மருந்தும் பத்தியமும், கைக்குழந்தைக்குப் பால். சத்திரத்தில் பிள்ளை பெற்றவள் மூன்று மாதம் தங்கலாம். அநாதைக் குழந்தைகளுக்கு மூன்று வேளை உணவு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், படிப்பு. வளர்ந்தபின் கல்யாணச் செலவும் சத்திரத்தினுடையது. எண்ணெய்க் குளியலுக்குக்கூடக் கணக்கு வைத்திருந்த இந்த அக்கறை அரியது. ஆனால் எல்லாச் சத்திரங்களும் இப்படி இருக்கவில்லை. ஒரு சாதியாரை மட்டுமே உள்ளே விட்டவையும் பல. அந்தக் குறையை மறைத்துப் பெருமை பேசுவது நியாயமில்லை.



பிரிட்டிஷ் அரசின் 1867ஆம் ஆண்டுச் சராய்கள் (வழிப்போக்கர் விடுதிகள்) சட்டத்துக்கு வேறு கவலை. விடுதி நடத்துகிறவர் காவலாள் வைக்கவேண்டும், சுவரையும் கூரையையும் பழுதுபார்க்கவேண்டும், திருடன் ஏறி இறங்க வசதியான மரக்கிளைகளை வெட்டிவிடவேண்டும் என்றது அது. இன்றைய லாட்ஜில் பதிவேடும் ஆதார் நகலும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தகவல் போய்ச் சேரவேண்டும். சோறு வேண்டுமானால், தங்குகிறவர் வெளியே போய்க்கொள்ளவேண்டியதுதான்.