புகழுக்கு முந்திய முகங்கள்: அமெரிக்கப் பேஸ்பால் அட்டைகளின் வரலாறு

பத்தாம் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, சங்க காலத்தையோ சோழர் காலத்தையோ நான் எடுத்துக்கொள்வேன் என்றே எதிர்பார்த்திருப்பர். நான் எடுத்துக்கொண்டதோ உள்ளங்கையில் அடங்கும் ஓர் அட்டைத் துண்டின் வரலாறு. சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் என் அண்ணன் இல்லத்தில் தங்கியிருந்தேன். அவருடைய மகன் தன் பெட்டியிலிருந்து பழைய அட்டை ஒன்றை விளிம்பு மட்டும் விரலில் படுமாறு எடுத்து என் முன் நீட்டி, "தொடாமப் பாருங்க, அத்தை" என்றான். முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் ஏட்டுச்சுவடியை முதன்முதல் என் முன் வைத்தபோது என் நெறியாளர் விடுத்த எச்சரிக்கையும் இதுவே. அவ்வொற்றுமையே இக்கட்டுரைக்கு வித்து.

கிரிக்கெட்டைப் போலவே மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்படுவது பேஸ்பால். அமெரிக்கர்க்கு அது வெறும் விளையாட்டன்று; தந்தை மகனுக்குக் கையளிக்கும் நினைவு. அவ்வாட்ட வீரர்களின் உருவம் பொறித்த அட்டைகள் நூற்றாண்டுக்கும் மேலாக அச்சிடப்பட்டு வருகின்றன. முதன்மைக் கழகங்களில் ஆட வந்த ஒருவருக்கு நாடு முழுதும் விற்கப்படும் தொகுப்பில் முதன்முதலாக வெளிவரும் அட்டையை 'ரூக்கி கார்டு' என்பர். 'ரூக்கி' என்பது புதியவரைக் குறிக்கும். திரையுலகம் நமக்குத் தந்த 'புதுமுகம்' என்ற சொல் இதற்கு நன்கு பொருந்துவதால், புதுமுக அட்டை என்றே இங்கு வழங்குகிறேன்.

புகையிலையோடு வந்தவை

இவ்வட்டைகள் கலைப்பொருளாகப் பிறக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிகரெட் உறை நசுங்காமல் இருக்கவும், வாங்குவோரை ஈர்க்கவும் உள்ளே செருகப்பட்டவையே அவை. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் வெளியிட்ட தொகுப்பில் ஹோனஸ் வாக்னர் என்னும் பெருவீரரின் அட்டை விரைவிலேயே நிறுத்தப்பட்டது. சிறுவர் தம் படத்துக்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பர் ஒரு சாரார். உரிய ஊதியம் தராமையே காரணம் என்பர் மறு சாரார். இன்று எஞ்சியிருப்பவை அறுபது அளவில் இருக்கலாம். அவற்றுள் ஒன்று 2022இல் 72 இலட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. வாக்னர் 1897இலேயே ஆட வந்தவராதலின் அது புதுமுக அட்டையன்று, அருமையால் உயர்ந்தது.

புதுமுகத்தின் ஈர்ப்பு வேறு வகையானது. 1914இல் பால்டிமோர் நகரச் செய்தித்தாள் ஒன்று உள்ளூர் அணியினரின் அட்டைகளை வெளியிட்டது. பின்புறத்தில் அவ்வாண்டுப் போட்டிகளின் கால அட்டவணை. அவர்களுள் ஒருவர் பத்தொன்பது வயதுப் பந்துவீச்சாளர் ஜார்ஜ் ரூத். பின்னாளில் 'பேப் ரூத்' என்ற பெயரில் மட்டையாட்டத்தின் இலக்கணத்தையே மாற்றியவர். உள்ளூர் அணி முதன்மைக் கழகத்தைச் சேர்ந்ததன்று. எனவே இலக்கணப்படி இதனையும் புதுமுக அட்டை என்பதற்கில்லை. ஆயினும் எஞ்சிய பத்தளவு படிகளுள் ஒன்று 2023இல் 72 இலட்சம் டாலர் பெற்றது. அதை அச்சிட்டவருக்கு அவ்விளைஞர் யாராகப் போகிறார் என்று தெரியாது, அவ்விளைஞருக்கும் தெரியாது. அவ்வறியாமையே அவ்வட்டையின் அழகு எனலாம்.

கடலில் கொட்டப்பட்டவை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் புகையிலையின் இடத்தைச் சூயிங்கம் பிடித்துக்கொண்டது. 1951 இலையுதிர் காலத்தில், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், டாப்ஸ் நிறுவன ஊழியர் சை பெர்கர் தம் வீட்டுச் சமையலறை மேசையில் உடன்பணியாளர் வூடி கெல்மனுடன் அமர்ந்து மறு ஆண்டுக்கான அட்டைகளை வடிவமைத்தார். வண்ணப்படம், பெயர், கையொப்பம், அணியின் சின்னம். பின்புறத்தில் வாழ்க்கைக் குறிப்பும் ஆட்டக் கணக்கும். இன்றுவரை அட்டைகள் பின்பற்றும் இலக்கணம் அம்மேசையில்தான் வகுக்கப்பட்டது.

அத்தொகுப்பின் 407 அட்டைகளுள் 311ஆம் எண்ணுடையது மிக்கி மேன்டில் அட்டை. அவ்வரிசை கடைக்கு வந்தபோது ஆட்டப் பருவம் முடியும் தறுவாயில் இருந்தது. சிறுவர் பள்ளிக்குத் திரும்பிவிட்டனர். விற்காத பெட்டிகள் கிடங்கில் கிடந்தன. இடத்தை அடைத்துக்கொண்டிருந்த அவற்றை 1960 அளவில் படகிலேற்றி நியூஜெர்சிக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் கொட்டச் செய்ததாகப் பெர்கரே பின்னர் கூறியிருக்கிறார். வீடுகளுக்குச் சென்றவற்றின் கதியும் இதுதான். மிதிவண்டிச் சக்கரக் கம்பிகளில் செருகிச் சடசடவென ஒலி எழுப்பினர் சிறுவர். வளர்ந்து கல்லூரிக்குச் சென்றதும் அன்னையர் பெட்டியோடு குப்பையில் போட்டனர்.

மேன்டில் 1951இலேயே ஆட வந்துவிட்டார். அவருடைய மெய்யான புதுமுக அட்டை அவ்வாண்டு பௌமன் நிறுவனம் வெளியிட்டது. எனினும் மக்கள் நெஞ்சில் அரங்கேறியது 1952 அட்டையே. சேகரிப்பாளர் வகுத்த விதி ஒன்று. நினைவு தேர்ந்துகொண்டது வேறொன்று. 2022 ஆகஸ்டில், பழுதற்ற நிலையில் இருந்த அவ்வட்டை ஒன்று ஒரு கோடியே 26 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது. விளையாட்டு நினைவுப் பொருள் எதுவும் அதுவரை அவ்விலையைக் கண்டதில்லை.

யாருக்கு முகம் கிடைத்தது?

விலையை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இவ்வரலாற்றின் உட்பொருள் தவறிப்போகும். அட்டை என்பது ஏற்பின் அடையாளம். இன்னார் நம் ஆட்டக்காரர் என்று ஒரு நாடு ஒப்புக்கொண்டதற்கான சான்று அது. அவ்வொப்புதல் நெடுங்காலம் வெள்ளையர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது. கறுப்பின வீரர்கள் தமக்கெனத் தனிக் கழகங்கள் அமைத்து ஆடினர்.

1947 ஏப்ரல் 15ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆடி அத்தடையை உடைத்தார். அப்போது அவருக்கு வயது 28. சிகாகோவின் லீஃப் நிறுவனம் வெளியிட்ட, 1948ஆம் ஆண்டினதாக வழங்கும் தொகுப்பில் மஞ்சள் பின்புலத்தில் அவர் முகம் அச்சாயிற்று. அதே தொகுப்பில் இன்னொரு புதுமுகம் சாட்செல் பேஜ். கறுப்பினக் கழகங்களில் இருபதாண்டுகள் பந்து வீசிப் பெரும்பெயர் பெற்றபின், 1948இல் 42ஆம் அகவையில் முதன்மைக் கழகத்திற்குள் விடப்பட்டவர் அவர். அவருடைய அட்டையையும் புதுமுக அட்டை என்றே பட்டியல்கள் குறிக்கின்றன. அவரா புதியவர்? அவரைக் காண மறுத்திருந்த கண்களுக்கன்றோ அவர் புதியவர்!

ஜோஷ் கிப்சனுக்கு அதுவும் வாய்க்கவில்லை. அக்கழகங்களின் மாபெரும் மட்டையாளராகிய அவர், ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று திங்கள் முன்னர், 1947 ஜனவரியில் 35 வயதில் மறைந்தார். அமெரிக்காவின் சூயிங்கம் நிறுவனம் எதுவும் அவர் வாழ்நாளில் அவருக்கோர் அட்டை அச்சிடவில்லை. 2024இல்தான் கறுப்பினக் கழகங்களின் கணக்குகள் முதன்மைக் கழகங்களின் ஏட்டில் சேர்க்கப்பட்டன. வாழ்நாள் மட்டையாட்டச் சராசரியில் அன்றே கிப்சனின் பெயர் முதலிடத்திற்கு ஏறியது. கணக்கைத் திருத்த முடிந்தது. அச்சாகாத அட்டையை இனி யாரும் அச்சிட முடியாது. புதுமுக அட்டைக்கு மறுபதிப்பு இல்லை.

போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ராபர்ட்டோ கிளமென்டேயின் கதை பெயரைப் பற்றியது. 1955இல் வெளிவந்த அவருடைய புதுமுக அட்டை 'ராபர்ட்டோ' என்றே அவரை அறிமுகம் செய்தது. ஆனால் 1957 முதல் 1969 வரை டாப்ஸ் அட்டைகள் அவரைப் 'பாப்' என்று சுருக்கின. ஆங்கில நாவுக்கு எளிதாக வைக்கப்பட்ட அப்பெயரை அவர் விரும்பியதில்லை. 1972 டிசம்பர் 31 அன்று, நிகராகுவா நிலநடுக்கத்தில் வாடியோருக்கு உதவிப் பொருள்களுடன் புறப்பட்ட விமானம் கடலில் வீழ்ந்து அவர் உயிர் நீத்தார். இன்று அவருடைய முதல் அட்டையைத் தேடுவோர், தாய் இட்ட பெயரோடு அவர் நிற்கும் அட்டையைத்தான் தேடுகின்றனர். பெயரின் அருமையைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

எல்லாரும் காத்தபோது

பழைய அட்டைகளின் விலை ஏறியதும் 1980களில் ஒரு மயக்கம் பரவியது. அட்டை வாங்கி வைத்தால் மகனின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று பெற்றோர் நம்பினர். நிறுவனங்கள் வரம்பின்றி அச்சிட்டன. யாரும் சக்கரத்தில் செருகவில்லை. யாரும் குப்பையில் போடவில்லை. இனிப்பின் கறை படிகிறது என்று சேகரிப்பாளர் முறையிட, 1990களின் தொடக்கத்தில் டாப்ஸ் உறைக்குள்ளிருந்து சூயிங்கமே நீக்கப்பட்டது. இலவசமாக வந்தது நிலைக்க, விற்பனைக்கு வந்தது வெளியேறியது! முடிவு யாது? அனைவரும் காத்த அட்டைகள் பெரும்பாலும் இன்று அச்சுக்கூலிக்கும் ஆகா. மெழுகுத்தாளில் சுற்றி விற்ற அக்காலத்தைக் 'குப்பை மெழுகுக் காலம்' என்று சேகரிப்பாளரே எள்ளுவர்.

அவ்வெள்ளத்திலும் ஒன்று கரை சேர்ந்தது. 1989இல் அப்பர் டெக் என்னும் புதிய நிறுவனம் தன் முதல் தொகுப்பின் முதல் எண்ணை, முதன்மைக் கழகத்தில் இன்னும் ஆடியிராத கென் கிரிஃபி ஜூனியருக்கு அளித்தது. சிறிய அணியின் தொப்பியோடு எடுத்த படத்தில் சியாட்டில் அணியின் தொப்பியை வரைந்து சேர்த்தனர். அவ்வட்டை அரிதன்று, எண்ணிறந்த படிகள் உள்ளன. ஆயினும் அக்காலச் சிறுவர் நரைத்த பின்னும் அதனை நெஞ்சோடு வைத்திருக்கின்றனர். என் அண்ணன் மகன் நீட்டியதும் அதுவே. தனக்கு முந்திய தலைமுறையின் அட்டையைப் பழஞ்சந்தை ஒன்றில் சிறு விலைக்கு வாங்கியிருந்தான். விலையும் மதிப்பும் ஒன்றல்ல என்பதற்கு அதனினும் நல்ல சான்று எனக்குக் கிட்டவில்லை.

இன்றைய நிறுவனங்கள் அருமையையும் தாமே உற்பத்தி செய்கின்றன. 2025 மார்ச்சில் பால் ஸ்கீன்ஸ் என்னும் இளம் பந்துவீச்சாளரின் அட்டை 11 இலட்சத்து 10 ஆயிரம் டாலருக்கு விற்றது. முதல் ஆட்டத்தில் அவர் அணிந்த சட்டையின் சின்னம் அதில் பதிக்கப்பட்டிருந்தது. உலகில் அது ஒன்றே ஒன்று. உறையைப் பிரித்து அதனைக் கண்டெடுத்தவன் பதினொரு வயதுச் சிறுவன். அவன் மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவ்வட்டை பிறக்கும்போதே தன் பெருமையை அறிந்திருந்தது. ரூத்தின் அட்டை அறிந்திருக்கவில்லை.

தொகுத்தவர்

நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் தொழிற்சாலைப் பணியாளராக இருந்தவர் ஜெபர்சன் பர்டிக். மூட்டுவாதத்தால் நலிந்த உடலினர், மணம் புரியாதவர். யாரும் பொருட்படுத்தாத அச்சுத் துண்டுகளைத் தேடிச் சேர்த்து, வகைதொகை செய்து, பட்டியலிட்டார். வாக்னர் அட்டை இடம்பெற்ற தொகுப்பை இன்றும் உலகம் குறிக்கும் 'டி206' என்ற பெயர் அவர் வகுத்த முறையின்படி அமைந்ததே. மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட தம் சேகரிப்பை விற்காமல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திற்கு அளித்தார். அங்கேயே அமர்ந்து, விரல்கள் முடங்க முடங்க, ஆண்டுக்கணக்கில் தொகுதிகளில் ஒட்டி வந்தார். 1963 ஜனவரியில் பணி முடிந்தது, உடனே மருத்துவமனை சேர்ந்தார், மார்ச்சில் மறைந்தார். இன்று கோடிகளைப் பேசும் சந்தை, காசு கருதாத ஒருவர் இட்ட எண்களைக் கொண்டுதான் பேசுகிறது.

நிறைவாக

இம்மலருக்காக, பத்தாண்டுகளுக்கு முன் நம் வட்டத்தின் முதற்கூட்டத்தில் வழங்கிய நகலச்சு ஒற்றைத்தாளைக் குழுவினர் தேடினர். அழைப்பும் நான்கு கவிதைகளும் கொண்ட தாள். அதில் முதன்முதலாக அச்சேறிய தோழி ஒருவர் இன்று மூன்று தொகுப்புகளின் ஆசிரியர். என்னிடமிருந்த படியை வீடு மாறியபோது பழைய நாளிதழ்களோடு நானே எடைக்குப் போட்டேன். வேறொருவரின் அகராதிக்குள் அடையாளத் தாளாகக் கிடந்த ஒரு படி மட்டும் கிடைத்தது. மூலையில் தேநீர்க் கறை. அதனைக் கையில் வாங்கியபோது அண்ணன் மகனின் குரல் என் செவியில் ஒலித்தது. விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்தில் நம் மேடைக்கு வரும் புதுமுகம் யாராகப் போகிறார் என்று நமக்குத் தெரியாது. அன்று வழங்கும் தாளில் ஒரு படியையேனும் யாராவது எடுத்து வைப்போமாக.