எண்ணின் அகலம்

சி என்னும் கணினி மொழியை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி, முழு எண்ணுக்கு இத்தனை பிட் என்று நியமம் விதிக்காமல், அதை அந்தந்த இயந்திரத்தின் சுபாவத்துக்கே விட்டுவிட்டார். 1978இல் அவரும் சக ஆய்வாளர் கெர்னிகனும் சி மொழி பற்றி வெளியிட்ட நூலின் அட்டவணையிலேயே ‘இன்ட்’ என்னும் முழு எண் வகை பிடிபி-11இல் 16 பிட், ஐபிஎம் 370இல் 32, ஹனிவெல் 6000இல் 36 என்று வேறுபட்டு நிற்கக் காணலாம்.

இந்தச் சுதந்திரத்தின் விலை பெரிதும் அச்சிடும்போதே தெரிந்தது. சி மொழியில் அச்சிடும் செயற்கூறான ‘பிரிண்ட்எஃப்’ தன்னிடம் வரும் மதிப்பின் வகையைத் தானாக அறியாது. சதவீதக் குறியை அடுத்து எழுதப்பட்ட எழுத்தையே சத்திய வாக்காக நம்பி, அதற்குரிய பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். 500 கோடி என்னும் 64 பிட் எண்ணை இன்டெல் வகை 32 பிட் கணினியில் வெறும் ‘டி’ எழுத்தால் அச்சிட்டால், கீழ்ப்பாதியான 70,50,32,704 மட்டுமே பெரும்பாலும் வெளிவரும். மேற்பாதியில் எஞ்சிய 1, அடுத்து அச்சிடவேண்டிய மதிப்பின் ஸ்தானத்தில் போய் அமர்ந்துகொள்ளும்.

64 பிட் யுகம் பிறந்தபோது, யூனிக்ஸ் உலகம் ‘லாங்’ என்னும் முழு எண் வகையை 64 பிட்டாக விரிக்க, விண்டோஸ் அதை 32ஆகவே நிறுத்திக்கொண்டது. 64 பிட் எண்ணுக்கான அச்சுக்குறியிலும் சிலர் ‘எல்எல்டி’ என்றும், மைக்ரோசாஃப்ட் ‘ஐ64டி’ என்றும், யூனிக்ஸின் கிளையான பிஎஸ்டியினர் ‘க்யூடி’ என்றும் தத்தம் வழியே சென்றனர். பழைய நிரல்கள் பழுதுபடலாகாது என்ற நிர்ப்பந்தத்தால், 1999ஆம் ஆண்டுத் தரநிர்ணயம் பிரிண்ட்எஃப்பின் சுபாவத்தைத் தொடாமல், ‘இன்ட்டைப்ஸ்’ என்னும் தலைப்புக் கோப்பில் ‘பிஆர்ஐடி64’ போன்ற மேக்ரோக்களை வைத்தது. சதவீதக் குறியோடு மேற்கோளை மூடி, வெளியே மேக்ரோவின் பெயரை எழுதினால், அது அந்தக் கணினிக்குரிய எழுத்துகளாக விரியும். அடுத்தடுத்து நிற்கும் சரங்கள் ஒன்றாக இணையும் என்ற 1989ஆம் ஆண்டு விதி, அவற்றை ஒரே சரமாக்கிவிடும். பார்வைக்கு அழகற்றதாயினும் இந்த உபாயம் பலித்தது. எனினும் மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோ அக்கோப்பை ஏற்க 2013ஆம் ஆண்டுப் பதிப்பு வரை ஆயிற்று.

சி23 என்னும் புதிய தரநிர்ணயம் ‘டபிள்யூ64டி’ என்று குறியிலேயே அகலத்தை எழுத இடமளிக்கிறது. இயந்திரத்தின் விருப்பத்துக்கு விடப்பட்ட அளவை, எழுதுபவனே வாய்திறந்து சொல்ல ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றிருக்கிறது. பிரிண்ட்எஃப்போ, அன்றுபோலவே இன்றும், சொன்னதை நம்பியே அச்சிடுகிறது.